அத்தான் கேட்ட பாட்டு

கார் கண்ணாடியை விரல் மடக்கித் தட்டினேன். உள்ளே இருப்பவர் யார் என்று தெரியும். சர்ச்சின் சுவரோரம் நின்ற சாம்பல் நிற வண்டி, பின்னால் புகை, கண்ணாடி முழுக்க ஆவி. அத்தான் உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்து அதன் வழியாக என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். ஹீட்டர் காற்று என் முகத்தில் அடித்தது. பிப்ரவரி மாதம். பெய்த பனி கரையாமல் கல்லாகிக் கிடந்தது.

"என்ன மாப்ள?"

"இஞ்சின ஆஃப் பண்ணணுமாம் அத்தான். உள்ள கேக்குதாம்."

"இம்புட்டுத் தடிச்ச சுவருக்கு அந்தப் பக்கமா? யாருக்குக் கேக்குதாம்?"

"மைக்குக்கு."

"மைக்குக்கு உங்க அக்கா காதுல்லா வச்சிருக்கான்," என்றார். சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பிவிட்டார். புகை நின்றது. அவர் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார். அந்த உட்கார்ந்த கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அவர் படித்தவர். கம்ப்யூட்டர் வேலைக்கு அந்தக் காலத்திலேயே நியூ ஜெர்சி வந்தவர். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அக்கா சிட்டிசன் ஆனதும் எனக்கு மனுப் போட்டாள். அது நகர்ந்து நகர்ந்து என்னைக் கூப்பிடுவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. இங்கிலீஷும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. குழாய் பார்ப்பேன், பெயின்ட் அடிப்பேன், ஓடு மாற்றுவேன். அத்தான் தன் ஆபீஸ் சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி அவர் போகிற சர்ச்சில் மெயின்டெனன்ஸ் வேலை பிடித்துக் கொடுத்தார். நான் கொஞ்சம் தயங்கினேன். "சாமி எந்தச் சாமியா இருந்தா என்ன மாப்ள, கூரை ஒழுகாமப் பாத்துக்கோ," என்றார். இன்றுவரை அதைத்தான் செய்கிறேன்.

அது கல் கட்டடம். கூரை மரம். உள்ளே நின்று ஒரு கை தட்டினால் சத்தம் மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மெதுவாக அடங்கும். ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கு அது பிடிக்கும். வருஷத்தில் சில தடவை வாடகைக்கு எடுப்பார்கள். அந்த நாட்களில் என் வேலை சத்தங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவது. பாய்லரை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் நீராவி ஏறி யாரோ சுத்தியலால் தட்டுவது மாதிரி கேட்கும். கிச்சன் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி அலமாரியில் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது பனி அள்ளும் மெஷினைக் கிளப்பினால் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கும்பிட்டால் இந்த ஊர்க்காரர்கள் உடனே நிறுத்திவிடுகிறார்கள். என்னவென்று புரியாத பயமாக இருக்கலாம்.

அந்தப் பிப்ரவரியில் வந்தது மருமகனின் குழு. மருமகன் என்றால் அக்கா மகன், அத்தானுக்கு ஒரே பிள்ளை. அவர்கள் எடுத்துக்கொண்டது இத்தாலி பாஷையில் ஒரு நாடகம். முழுக்கப் பாட்டு. ஓபரா என்பார்கள். முந்நூறு வருஷப் பழசு. எழுதியவர் இருந்தபோது மேடை ஏறியிருக்கிறது. அப்புறம் யாரும் சீந்தவில்லை. காகிதக்கட்டு ஏதோ ஒரு லைப்ரரியில் தூங்கிக் கிடந்திருக்கிறது. மருமகனும் சிநேகிதர்களும் அதைப் பிரதி எடுத்து, அந்தக் காலத்து வாத்தியங்களையே வைத்துப் பாடிப் பதிவு செய்ய வந்தார்கள். பிடில்களில் ஆட்டுக் குடலில் திரித்த நரம்பு. குளிரில் சுருதி நிற்காது. பாதி நேரம் வாசிப்பு, பாதி நேரம் சுருதி கூட்டல்.

மருமகனுக்கு ராஜா வேஷம். அந்த மாதிரி நாடகத்தில் ராஜா பெண் குரலில் பாட வேண்டும். அதற்காக அந்த நாட்டில் அப்போது சின்னப் பையன்களைப் பிடித்து என்னவோ செய்து குரல் உடையாமல் வைத்திருந்தார்களாம். மருமகன் இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது அக்கா, "சோத்த வச்சுக்கிட்டு பேசுத பேச்சால இது," என்று காதைப் பொத்திக்கொண்டாள். இப்போது அந்த அநியாயம் கிடையாது. பயிற்சிதான். மருமகன் பேசினால் கனத்த ஆண் குரல், அவன் தாத்தாவின் குரல். பாட வாயைத் திறந்தால் வேறு யாரோ.

அத்தானுக்கு அங்கேதான் முள் குத்தியது. அவர் சங்கீதம் பிடிக்காதவர் இல்லை. இங்கே கோவிலில் நாதஸ்வரம் என்றால் முன்வரிசையில் இருப்பார். தொடையில் தாளம் விழும். நல்ல இடம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்குக் கவலை இல்லை. "நல்லா இருக்குன்னு வாசிக்கவன் காதுல விழ வேண்டாமா? வாயப் பொத்திக்கிட்டு கேக்கதுக்கு நாம என்ன பொணமா?" என்பார். மருமகனைச் சின்ன வயசில் பாட்டுக் கிளாஸுக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பை விட்டுவிட்டுப் பாட்டுக்கு மாறினான். அதற்குக்கூட அவர் பெரிதாகச் சண்டை போடவில்லை. கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார். அப்புறம் அவன் முதல் கச்சேரிக்குத் தன் சிநேகிதர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். மருமகன் வாயைத் திறந்ததும் எங்கள் வரிசையில் சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். முடிந்து வெளியே வந்ததும் ஒருவர், "என்ன சார், பையன் பாடுவான்னு கூட்டிட்டு வந்தீங்க. பொண்ணுல்ல பாடிச்சு," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அத்தானும் கூடச் சிரித்தார். வீடு வரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு மகன் பாடுகிற எந்த ஹாலுக்குள்ளும் அவர் காலெடுத்து வைக்கவில்லை.

ஆனால் கார் ஓட்டுவதை விடவில்லை. மருமகன் நியூயார்க்கில் ரூம் எடுத்து இருந்தான். அவனிடம் கார் கிடையாது. நியூ ஜெர்சி பக்கம் பாட்டு என்றால் அத்தான் ரயில்வே ஸ்டேஷனில் போய் நிற்பார். பிளாஸ்க்கில் சுக்கும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்ட வெந்நீர் இருக்கும். மகனை ஹால் வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே இருப்பார். போனில் ஊர் நியூஸ் பார்ப்பார். இடைவேளையில் அவன் ஓடிவந்து குடித்துவிட்டுப் போவான். "தொண்ட எப்படி இருக்கு?" "ஓகே டாட்." பேச்சு அதோடு சரி. அவனுக்குத் தமிழ் புரியும், பாதி பதில் இங்கிலீஷில் வரும். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், மகனிடம் தமிழ்தான் பேசுவார். பாஷை அவர்களுக்குத் தடை இல்லை. பேச விஷயம்தான் இல்லாமல் போயிருந்தது. ஒருநாள் சர்ச்சில் ரிகர்சல் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது மருமகன் என்னைக் கேட்டான். "மாமா, அப்பா ஒரு நாளாவது உள்ள வருவாரா?" நான் நாற்காலியை அடுக்கினேன். அவனும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். உலகமே எழுந்து நின்று கை தட்டினாலும் அவனுக்கு இந்த ஒரு ஆள் பாக்கி.

ரெக்கார்டிங் ஒரு வாரம் நடந்தது. மற்ற நாட்களில் அத்தான் தெருவில் தள்ளி நிறுத்திக்கொண்டு ஹீட்டரோடு இருந்தார். கடைசி நாள் தெருவோரம் முழுக்கப் பனியை ஒதுக்கிக் குவித்துவிட்டார்கள். அதனால் சுவர் பக்கம் வந்தார். ரெக்கார்டிங்கை நடத்திய அம்மாள், பாதிரியார் அங்கி மாற்றுகிற அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆளைப் பார்க்க முடியாது. ஸ்பீக்கர் வழியாகக் குரல் மட்டும் வரும். அந்த அம்மாள் காதில்தான் அத்தானின் இஞ்சின் விழுந்தது.

இஞ்சினை அணைத்தபின் நான் சொன்னேன், "பின்பக்கத் தெருவுல போட்டுட்டு ஹீட்டர் போட்டுக்கோங்களேன்."

"அவன் பிரேக்குக்கு வந்தா என்னத் தேடிப் பனியில அலைவான். நீ போ."

போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் துடைத்த வட்டம் மறுபடி வெள்ளையாகிவிட்டிருந்தது. அப்போது பையில் போன் அதிர்ந்தது. தாழ்வாரத்துக்குப் போய் எடுத்தேன். அக்கா.

"அவுக எங்கல?"

"கார்ல."

"ஹீட்டர் போட்டிருக்காகளா?"

"போடக்கூடாதாம்."

"சுகர் உள்ள மனுசன்ல. கால் வெறச்சா அப்புறம் கதை கந்தல்தான். உள்ள இழுத்துட்டுப் போ. வரலன்னா நான் அங்க வருவேன்னு சொல்லு."

அப்படியே போய்ச் சொன்னேன். "வந்துருவாளா?" என்று கேட்டார். "வருவா," என்றேன். அவர் சர்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கால் சூடாகற வரைக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

உள்ளேயும் பாய்லர் அணைந்துதான் இருந்தது. ஆனால் காலையில் ஏற்றிய சூடு சுவரில் மிச்சம் இருந்தது. அத்தான் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. சாமி இருக்கிற இடம் என்று தானாகச் செய்தார். நான் காதருகில் சொன்னேன்: "பாட்டு முடிஞ்சாலும் அசையக்கூடாது அத்தான். கூரையில சத்தம் அடங்கற வரைக்கும் இருமக்கூடக் கூடாது." "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார். கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார வைத்தேன். முன்னால் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகன் கழுத்தில் மப்ளரோடு முதுகைக் காட்டி நின்றான். அவன் பார்க்கவில்லை.

ராஜா நாட்டை இழந்து சிறையில் இருக்கிறான், விடிகிற நேரம், அப்போது பாடுகிற பாட்டு. மருமகன் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தான். அந்த நாடகத்திலேயே அதுதான் பெரிய பாட்டு. மெதுவாகப் போகும். முதலில் ஒரு பகுதி, நடுவில் வேறு மெட்டில் ஒன்று, அப்புறம் முதல் பகுதியே திரும்ப வரும். அத்தான் ஆரம்பத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையே நிமிரவில்லை. நடுப்பகுதியில் கண்ணை மூடினார். தூங்கிவிடுவாரோ, குறட்டை விடுவாரோ என்று எனக்குக் கவலை. பிறகு முதல் பகுதி திரும்பி வந்தது. அதே வார்த்தைகள், அதே மெட்டு. ஆனால் மருமகன் இந்தத் தடவை நேராகப் போகவில்லை. ஓர் இடத்தில் வளைத்தான், ஓர் இடத்தில் சுற்றி எடுத்தான், ஓர் இடத்தில் விழப்போகிற மாதிரி போய்ப் பிடித்துக்கொண்டான். அத்தான் விரல் தொடையில் அசையத் தொடங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சத்தம் வராமல் உதடு மட்டும் சொன்னது: சங்கதி போடுதான். குரல் படிப்படியாக ஏறியது. வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட்டன. குரல் மட்டும் தனியாக உச்சியில் நின்றது. எதன் மேல் நிற்கிறது என்று தெரியவில்லை.

"அடடா," என்றார் அத்தான். "எய்யா."

கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுகிற சத்தம்தான். ஆனால் அந்தக் கட்டடம் அதை வாங்கி மேலே கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தது. பிடில்காரப் பெண் ஒருத்திக்குத் தோள் தூக்கிப் போட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மருமகன் நிறுத்தவில்லை. அந்தக் கட்டடத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர், அதில் நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். நின்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றான். அப்புறம் இறங்கி வந்தான். வந்த வழி வேறு. ரிகர்சலில் நான் எத்தனையோ தடவை அந்த இடத்தைக் கேட்டிருக்கிறேன். இப்படி வந்ததில்லை. வாத்தியக்காரர்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

பாட்டு முடிந்தது. சத்தம் அடங்கியது. ஸ்பீக்கரில் அந்த அம்மாள் குரல் வந்தது. ரொம்ப அழகு, ஆனால் யாரோ பேசினார்கள், மறுபடி எடுக்க வேண்டும், பத்து நிமிஷம் பிரேக் என்றாள். அத்தான் எழுந்து, "சாரி, சாரி," என்று எல்லாத் திசைக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். பூட்ஸ் வாசலிலேயே கிடந்தது. சாக்ஸோடு பனியில் நடந்து காருக்குள் ஏறிவிட்டார். நான் பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மருமகன் ஓடிவந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நான் கதவருகில் நின்றுவிட்டேன். காற்று இல்லாத நாள். பேச்சு கேட்டது.

"டாட், ஷூ."

"கெடுத்துட்டேன்லா?"

"எஸ். டோட்டலா."

"உங்க அம்மைட்ட சொல்லாத." பூட்ஸை மாட்டுகிற சத்தம். பிளாஸ்க் மூடி திறக்கிற சத்தம். பிறகு அத்தான், "ரெண்டாவது வாட்டி வரும்போது போட்டியே சங்கதி, அது அந்தக் காகிதத்துல எழுதியிருக்கா?" என்றார்.

"இல்லப்பா. அது நாமளே போடணும். நான் போட்டது."

"நெனச்சேன்," என்றார் அத்தான். "குடி. சூடு ஆறுது."

மருமகன் குடித்தான். கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே போகாமல் நின்றான். அத்தான்தான், "போ, அந்தம்மா வையப் போறா," என்று அனுப்பினார். அப்புறம் இரண்டு தடவை எடுத்தார்கள். நன்றாகத்தான் பாடினான். அத்தான் உள்ளே வரவில்லை. கூப்பிட்டேன். "வேண்டாம் மாப்ள. வாய் சும்மா கெடக்காது," என்றார். கால் விறைக்க உட்கார்ந்திருந்தார். ஆனால் இந்தத் தடவை கார் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு கோவிலில், பொண்ணு பாடிச்சு என்று சொன்ன அந்தப் பழைய சிநேகிதரைப் பார்த்தபோது அத்தான், "பையன் ரெக்கார்டு வருது சார். கேளுங்க. ரெண்டாம் வாட்டி வரும்போது கவனிச்சுக் கேளுங்க," என்றார். அவர் தலையாட்டினார். ரெக்கார்டு எப்போது வரும் என்று அத்தான் மருமகனிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். அது இழுத்துக்கொண்டே போனது. யாரும் கேள்விப்படாத ஓபராவை வெளியிட ஆள் கிடைக்கவில்லை. இலை உதிர்கிற காலத்தில் ஒரு காலையில் அத்தான் காபி டம்ளரோடு சோபாவில் சாய்ந்தார். அவ்வளவுதான். டம்ளர் விழவில்லை என்று அக்கா சொல்லுவாள். நான் பார்க்கவில்லை.

ரெக்கார்டு இப்போதுதான் வந்தது. போன மாதம். மருமகன் ஐரோப்பாவில் இருக்கிறான். அதே ஓபராவை இப்போது அங்கே மேடையில் போடக் கூப்பிடுகிறார்கள். போனுக்கு அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் டிவி ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா குளித்து, நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. தெரியும். அன்று அத்தான் வாய்விட்டுச் சொன்னதை அவர் போன பிறகு நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவருடைய சத்தம் அதில் இருக்கும் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எனக்கும் உள்ளுக்குள் அப்படி ஒரு நினைப்பு இருந்தது.

பாட்டு வந்தது. முதல் பகுதி, நடுப் பகுதி, திரும்ப முதல் பகுதி. குரல் ஏறி உச்சியில் நின்றது. அக்கா முன்னால் சாய்ந்தாள். ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. குரல் இறங்கி வந்துவிட்டது.

"எங்கல?" என்றாள் அக்கா. "அவுக எங்க?"

நான் மருமகனை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். ஏதோ ஹோட்டல் ரூம். அக்கா நேராகக் கேட்டாள். "அப்பா சொன்னத எங்கல?"

"அம்மா, அத ரெக்கார்டுல வைக்க மாட்டாங்க. கட் பண்ணிட்டாங்க."

"அப்போ அவுக இல்லாம பாடுனதப் போட்டுட்டீகளா?"

"நோ, நோ. இது அப்பா இருந்த டேக்தாம்மா. அப்பா பேசின அந்தக் கொஞ்சூண்டு இடத்துல மட்டும் வேற டேக்ல இருந்து எடுத்து ஒட்டியிருக்காங்க. பாக்கி எல்லாம் அதேதான்." போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "அதுக்கு அப்புறம் நான் இறங்கி வர்றேன்ல, அது அப்பா சொன்னதக் கேட்டுட்டுப் பாடினது. திரும்ப அப்படி வரலம்மா. ஸ்டேஜ்ல எத்தனையோ நாள் ட்ரை பண்ணிட்டேன்."

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள். "சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"போய்ச் சாப்பிடு."

போனை வைத்தோம். அடுத்த வீட்டில் யாரோ கராஜ் கதவைத் திறந்து மூடினார்கள். அக்கா எழுந்து போய் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்திவிட்டு வந்தாள். "திரும்பப் போடு தம்பி," என்றாள். போட்டேன். குரல் ஏறியது, நின்றது, இறங்கியது. அக்கா கண்ணில் நீர் வழிந்து தாடைக்கு வந்துவிட்டது. துடைக்கவில்லை. வாத்தியங்கள் ஓய்ந்தன. நான் வேலை பார்க்கிற சர்ச்சின் கூரையில் அந்தச் சத்தம் ஒரு சுற்றுச் சுற்றி, மெலிந்து, இல்லாமல் போயிற்று. அது வரைக்கும் அசையாமல் இருந்துவிட்டு, அப்புறம்தான் அக்கா முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.